பெரிய வாய்க்குப் பல் துலக்கப் போன மினுக்கி

துறைமுகத்துக்குத் தெற்கே, இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு பவளப்பாறை இருந்தது. அதன் உச்சியில் மினுக்கி என்ற சின்ன மீன் கடை நடத்திக்கொண்டிருந்தது.

மினுக்கி விரல் நீளம்தான். நீல உடம்பு. மூக்கிலிருந்து வால்வரை ஒரு கறுப்புக் கோடு. மற்ற மீன்களைச் சுத்தம் செய்வது அதன் தொழில். பல்லிடுக்கில் மாட்டிய இறைச்சி, செவுளில் ஒட்டிய பேன், உதட்டில் தொங்கும் செத்த தோல், எல்லாவற்றையும் கொத்தி எடுக்கும். எடுத்ததைத் தின்றுவிடும். கூலியும் அதுதான், சாப்பாடும் அதுதான்.

கடைக்குச் சட்டம் உண்டு. வந்தவர் வரிசையில் நிற்க வேண்டும். நிற்கும்போது ஒருவரையொருவர் தின்னக் கூடாது. முறை வந்ததும் வாயைத் திறந்துகொண்டு அசையாமல் இருக்க வேண்டும். அப்படி இருப்பவர் யாரானாலும் வாடிக்கையாளர்தான். சுறா வந்து வாய் திறந்தாலும் மினுக்கி உள்ளே போகும். போய்விட்டுத் திரும்பி வரும். இதுவரை எந்த வாயும் அதன்மேல் மூடியதில்லை.

காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும்.

"அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் வாயத் தொறங்க!"

"ஆ!"

"நேத்து என்ன சாப்பிட்டிய? கணவாயா?"

"ஆ."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி!"

"ஆஆ!"

அண்ணாச்சி ஒரு களவா மீன். சாக்கு மூட்டை அளவு உடம்பு. வாய்க்குள் மினுக்கி இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

வரிசையில் அடுத்து நின்ற தத்தை குலுங்கிச் சிரித்தது. "அண்ணாச்சி இவ்வளவு அடக்கமாப் பேசி இன்னைக்குத்தான் கேக்கேன்!"

தத்தை ஒரு கிளிமீன். பாறையை அலகால் கடித்து நொறுக்கி, மேலே படர்ந்த பாசியைத் தின்னும். கூடவே உள்ளே போன கல்லைப் பின்பக்கமாக வெள்ளை மணலாக விட்டுக்கொண்டே போகும். ஊர்ச்செய்தியையும் அது அப்படித்தான் கையாண்டது. ஒரு பக்கம் வாங்கும், இன்னொரு பக்கம் விடும்.

கடை நின்ற பவளப்பாறையை எல்லோரும் ஆயிரவாய் என்று அழைத்தார்கள். அது ஒருவர் இல்லை. ஊசித் தலை அளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். எல்லா வாயும் ஒரே நேரத்தில் பேசும்.

"வெயில் நல்லா விழுது!"

"எனக்கு விழல!"

"தள்ளி நில்லு!"

"எங்க தள்ளி நிக்க? ஒட்டிக்கிட்டுல்லா பொறந்தோம்!"

மினுக்கி இதையெல்லாம் காதில் வாங்குவதே இல்லை. தரை பேசினால் யார் கேட்பார்கள்?

ஒரு நாள் காலை வெயில் மஞ்சளாக இறங்கியது. மறுநாள் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. மூன்றாம் நாள் பருப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது.

அன்றைக்குத் தத்தை வரிசையை மதிக்காமல் பாய்ந்து வந்து, அண்ணாச்சியின் முதுகில் மோதி நின்றது.

"ஏட்டி மினுக்கி! வடக்க ஒரு வாய் வந்துருக்கு!"

"யாரு வாய்?"

"யாரு வாயோ! உடம்பத் தேடித் தேடிப் பாத்தேன், தெரியல. வாய் மட்டும் தரையோட தரையாத் தவழ்ந்து போகுது. அண்ணாச்சிய மாதிரி பத்து அண்ணாச்சி உள்ள போகலாம்!"

"என்னைய எதுக்கு இழுக்க?" என்றது களவா.

"பல்லு ஒவ்வொண்ணும் என் நீளம்! பல்லுக்குப் பல்லு சேறு! பாசி! சிப்பி! கயிறு! பாக்கவே கூசுது! அத விடு. வாய மூடவே இல்ல! நான் பாத்த நேரம் முழுக்கத் தொறந்தே இருக்கு!"

மினுக்கியின் கறுப்புக் கோடு சிலிர்த்தது.

"தொறந்தே இருக்கா?"

"தொறந்தே!"

"அப்ப அது நம்மளத் தேடித்தான் வந்துருக்கு!"

கரையில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியும். பெரிய கப்பல்கள் வருவதற்கு ஆழம் போதவில்லை என்று துறைமுகத்துக்காரர்கள் கடலடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வாரிக் கப்பல் ஒன்று மேலே நின்றது. அதிலிருந்து கீழே இறங்கிய இரும்புக் குழாயின் முனைதான் அந்த வாய். ஆனால் வாழ்நாள் முழுக்க வாய்களையே பார்த்த மினுக்கிக்கு, திறந்திருந்த அதுவும் ஒரு வாடிக்கையாளராகவே தெரிந்தது.

"மண்ணத் திங்க மீன நான் பாத்ததில்ல. எனக்கு என்னமோ சரியாப் படல," என்றது அண்ணாச்சி.

"நான் திங்கேம்லா!" என்றது தத்தை. சொல்லிக்கொண்டே கொஞ்சம் மணலும் விட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி!" என்றது மினுக்கி. "தத்தையக்காவே மண்ணாப் போகும்போது, பெரியவுங்க போனா இப்படித் தண்ணி கலங்கத்தான் செய்யும். வயித்துல ஏதோ கோளாறு. பல்லு சுத்தமில்லாட்டி வயிறு எப்படிச் சுத்தமா இருக்கும்?"

வரிசையில் நின்ற எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று வேறு யாருக்கும் ஒரு விளக்கம் கிடைக்கவில்லை.

அன்றோடு கடை மூடப்பட்டது.

"சின்ன வாய்க்கெல்லாம் இனிமே நேரம் இல்ல!" என்று அறிவித்தது மினுக்கி. "அந்த ஒத்த வாய முடிச்சா போதும். ஏழு தலைமுறைக்குச் சாப்பாடு!"

"எனக்குக் கீழ்த்தாடையில ஒரு முள்ளு பாக்கி இருக்கே!" என்றது அண்ணாச்சி.

"நாக்கால தள்ளுங்க!"

பிறகு மினுக்கி ஒத்திகையில் இறங்கியது. வாடிக்கையாளரைக் கூப்பிட அதற்கு ஒரு ஆட்டம் உண்டு. தலை கீழே, வால் மேலே, ஒரு குலுக்கு. வால் கீழே, தலை மேலே, இரண்டு குலுக்கு. பெரிய வாய்க்கு இது போதாது என்று நடுவில் ஒரு சுழல் சேர்த்தது. சுழன்றதில் தலை சுற்றிப் பாறையில் முட்டிக்கொண்டது.

முட்டிய இடத்திலிருந்து குரல் வந்தது.

"மினுக்கி! எங்க மேல மண்ணு விழுது!"

"எல்லார் மேலயும்தான் விழுது."

"நீ உதறிட்டு நீந்திப் போயிருவ! நாங்க எங்க போக? சளி சளியாத் துப்பிப் பாக்கோம், தீர மாட்டேங்குது. வெயில் இல்ல, சாப்பாடு இல்ல. வாலால கொஞ்சம் விசிறி விடேன்!"

"இங்க பாரு ஆயிரவாய்," என்றது மினுக்கி, பொறுமையாக. "நான் பல்லு பாக்கவ. தரை பெருக்கது என் தொழில் இல்ல. நாளைக்கு எனக்குப் பெரிய வேல இருக்கு."

மறுநாள் மினுக்கி வடக்கே கிளம்பியது. வழி காட்டத் தத்தை முன்னால் போனது. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி பின்னால் வந்தது.

போகப் போகத் தண்ணீர் தடித்தது. முதலில் தத்தையின் வால் மறைந்தது. பிறகு அண்ணாச்சியின் குரல் மட்டும் இருந்தது. பிறகு ஒரு உறுமல், எல்லாப் பக்கமும்.

கலங்கலுக்குள்ளிருந்து வாய் வெளிப்பட்டது.

தத்தை சொன்னது குறைவு! அகலமான இரும்புத் தாடை. கீழ்வரிசை முழுக்கப் பல். பல்லுக்குப் பல் பாசியும் கயிறும் தொங்கின. வாய் தரையை உரசிக்கொண்டு வந்தது. மூடவில்லை.

மினுக்கிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. கடலில் அது யாருக்கும் தெரியவில்லை.

"எவ்வளவு நாளா இப்படியே வச்சிருக்கியளோ, பாவம்!" என்றது. பிறகு ஆடத் தொடங்கியது. தலை கீழே, ஒரு குலுக்கு. நடுவில் புதுச் சுழல்.

"தெக்குப் பாறை மினுக்கி வந்துருக்கேன்! பயப்படாதிய! வலிக்காது! கொஞ்சம் அசையாம மட்டும்..."

வாய் அதை உறிஞ்சிக்கொண்டது.

"முடிஞ்சு போச்சு!" என்று அண்ணாச்சி கத்துவது ஒரு நொடி கேட்டது. அப்புறம் இருட்டு. மணல், கல், சிப்பி, தண்ணீர், எல்லாம் ஒன்றாகக் குழாயில் மேலே ஏறின. மினுக்கி உருண்டது. பக்கத்தில் ஒரு நண்டும் உருண்டது.

"நீயும் சாப்பாடா?" என்றது நண்டு.

"நான் சாப்பாடு இல்ல! பல்லு பாக்க வந்தவ!"

"பல்லு வாசல்லயே இருந்துதே. தாண்டி வந்துட்டியே!"

பதில் சொல்வதற்குள் இருவரும் வயிற்றில் விழுந்தார்கள்.

மினுக்கி பல வாய்களுக்குள் போயிருக்கிறது. எதிலும் தொண்டையைத் தாண்டியதில்லை. ஆனாலும் வயிறு என்றால் எப்படி இருக்கும் என்று அதற்கு ஒரு கணக்கு இருந்தது. இங்கே நாக்கு இல்லை. ஈரல் இல்லை. நாலு பக்கம் இரும்புச் சுவர், மேலே திறந்த வானம். நடுவில் சேறு, சேற்றுக்கு மேல் கலங்கல் தண்ணீர். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு மனிதர் சுவருக்கு மேலே நின்று வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார்.

"இதுக்குப் பசியே இல்ல," என்று மெதுவாகச் சொன்னது மினுக்கி. "பசி இல்லாமலேயே திங்குது."

"நீ பல்லு பாக்கவன்னு சொன்ன. மூளையும் சேத்துப் பாத்துக்கிடு," என்றது நண்டு.

கலங்கல் ஏறி விளிம்பைத் தொட்டது. ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கனத்த மண் கீழே தங்கிவிட, கலங்கல் அந்த ஓட்டை வழியாக மறுபடியும் கடலுக்குள் கொட்டியது. கலங்கலோடு மினுக்கியும் கொட்டியது, நண்டும் கொட்டியது.

எந்த வாய்க்குள் போனாலும் அதே வாய் வழியாகத் திரும்பி வருகிற மீன் அது. வாழ்க்கையில் முதல்முறையாக மற்ற வழியாக வெளியே வந்தது.

செதில் நாலு போயிருந்தது. வால் நுனி கிழிந்திருந்தது. ஆனால் உயிர் இருந்தது. நண்டு சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது.

மினுக்கி நின்று பார்த்தது. ஓட்டையிலிருந்து விழுந்த மண் கீழே போகவில்லை. புகை மாதிரி விரிந்தது. நீரோட்டம் அதைப் பிடித்துத் தெற்கே தள்ளியது. மினுக்கி அதற்குள்ளேயே நீந்தியது. வழி தேட வேண்டியிருக்கவில்லை. மண் போன வழியே போனது. மண் நேராக ஆயிரவாயின்மேல் போய் உட்கார்ந்தது.

கடை இருந்த இடத்தில் சத்தமே இல்லை.

மினுக்கி பிறந்த நாளிலிருந்து தரை பேசிக்கொண்டேதான் இருந்தது. இப்போது பேசவில்லை. வடக்கு முகம் முழுக்க வெளுத்துப்போயிருந்தது, உடைத்த தேங்காயின் உள்பக்கம் மாதிரி. அங்கே ஒரு வாயும் அசையவில்லை. தெற்கு முகத்தில் சேற்றுக்கு அடியில் சில வாய்கள் மெல்ல மெல்லத் துப்பிக்கொண்டிருந்தன.

"ஆயிரவாய்!"

நெடுநேரம் கழித்து ஒரு வாய் பேசியது. "வந்துட்டியா? பெரிய வாய் சுத்தமாயிட்டா?"

மினுக்கி கிழிந்த வாலை மடக்கிக்கொண்டது.

"நாங்களும் வாயத் தொறந்து அசையாமத்தான் நிக்கோம்," என்றது அந்த வாய். "நீ கடை போட்ட நாள்லருந்து நிக்கோம். அசைய எங்களுக்குத் தெரியவே தெரியாது."

மினுக்கி குனிந்தது. அந்த வாயின்மேல் இருந்த ஒரு மண்துகளைக் கொத்தி எடுத்துத் தூரத் துப்பியது. அடுத்த வாய். அதற்கடுத்த வாய். எட்டாவது வாய்க்கு வருவதற்குள் முதல் வாயில் மறுபடி மண் விழுந்திருந்தது. கொத்துவதை விட்டுவிட்டு, கிழிந்த வாலால் விசிற ஆரம்பித்தது.

"மினுக்கி! உசுரோட இருக்கியாட்டி!" அண்ணாச்சியின் குரல். கலங்கலில் ஆள் தெரியவில்லை. "கடை எங்க இருக்கு? எனக்கு அந்த முள்ளு உயிர் போகுது!"

"நீங்க கடை மேலதான் நிக்கிய! எறங்குங்க!"

குரல் கேட்டு மற்றவர்களும் வந்தார்கள். கலங்கலில் கடையைக் காணாமல் இரண்டு நாளாகச் சுற்றியவர்கள். எல்லோருக்கும் வாயில் ஏதோ மாட்டியிருந்தது. பாம்பு மாதிரி நீண்ட அஞ்சாளை மீனும் அதில் இருந்தது. தத்தை மினுக்கியைச் சுற்றிச் சுற்றி வந்து, "நீ செத்துட்டன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேனே! இனி யாரு என்னைய நம்புவா!" என்று அழுதது.

"எல்லாரும் கேளுங்க!" என்றது மினுக்கி. "கடை தொறந்தாச்சு. ஒரு சட்டம் சேத்துருக்கேன். வரிசையில சும்மா நிக்கக் கூடாது. முறை வாரவரைக்கும் வாலால விசிறணும்!"

"நானா? விசிறவா?" என்றது அண்ணாச்சி. "எங்க குடும்பத்துல யாரும்..."

"முள்ளு வேணுமா, எடுக்கணுமா?"

அண்ணாச்சி விசிறியது. ஒரே வீச்சில் ஒரு முழச் சேறு கிளம்பியது. கூடவே நாலு சின்ன மீனும் கிளம்பிப் போய் எங்கோ விழுந்தன. "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டே அவை திரும்பி வந்தன. அஞ்சாளைக்கு விசிறி வால் இல்லை. அது உடம்பையே துடைப்பம் மாதிரி வளைத்துப் பெருக்கியது. தத்தை எல்லோரையும்விட வேகமாக விசிறியது. விசிறிய வேகத்தில் பின்னால் மணல் விட்டது.

"ஏ தத்தை! இப்பத்தான பெருக்குனோம்!"

"பரபரப்பா இருந்தா எனக்கு வந்துருது! நான் என்ன செய்ய!"

சேற்றுக்கு அடியிலிருந்து ஒரு வாய் சிரித்தது. பிறகு இன்னொன்று. "அங்க இன்னும் கொஞ்சம்!" "எனக்கும்!" "அவளுக்கு ரெண்டு தடவ விசிறுறிய!" தரை மறுபடி சண்டை போட ஆரம்பித்தது. மினுக்கிக்கு அந்தச் சத்தம் இனித்தது.

ஆனால் விசிறி முடிவதற்குள் மறுபடி மண் வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் எல்லோருடைய வாலும் வலித்தது. அண்ணாச்சியின் முள்ளுக்கு இன்னும் முறை வரவில்லை. தெற்கு முகத்திலும் ஓரத்தில் வெளுப்பு ஏறத் தொடங்கியது.

"அந்த வாய் மூடுனாத்தான் இங்க இந்த வாயெல்லாம் தொறக்கும்," என்றது மினுக்கி. "அண்ணாச்சி, உங்க வாழ்க்கையில வாய்க்குள்ள நீங்க பட்ட பெரிய பாடு எது?"

"போன வருசம் ஒரு வலைத் துண்டு மாட்டுச்சே! மறந்துட்டியா? திங்கவும் முடியல, துப்பவும் முடியல, வாய அசைக்கவே முடியல! ஒம்பது நாளு உருவினியே!"

"முள்ளு வந்துரும். எலும்பு வந்துரும். நைலான் வலை மட்டும் வராது," என்றது மினுக்கி. "அந்தப் பெரிய வாய்க்காரனுக்கு ஈரல் இல்ல, நாக்கு இல்ல. ஆனா பல்லு இருக்கு. பல்லு இருந்தா இடுக்கும் இருக்கும்."

எல்லோரும் கிழக்கே திரும்பிப் பார்த்தார்கள்.

பாறைக்குக் கிழக்கே, மணலில், ஒரு பழைய வலை கிடந்தது. புயலில் ஏதோ படகு விட்டுவிட்டுப் போனது. அதன் பக்கம் யாரும் போவதில்லை. போனவர்கள் இன்னும் அதில்தான் இருந்தார்கள், எலும்பாக.

"ஏட்டி," என்றது தத்தை தணிந்த குரலில். "வாய்ல அழுக்க எடுக்கவ நீ. நீயே அழுக்கப் போடலாமா? தொழிலுக்குத் துரோகம் இல்லையா?"

மினுக்கி யோசித்தது. நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. பிறகு அதன் முகம் மலர்ந்தது.

"சட்டம் என்ன? வாயத் தொறந்து அசையாம நிக்கணும். அவன் நின்னானா?"

"நிக்கலியே! தவழ்ந்துகிட்டே இருந்தான்!"

"அப்ப அவன் வாடிக்கையாளரே இல்ல!"

தத்தை அலகால் வலையை, மணலில் அது சிக்கியிருந்த கற்களிலிருந்து கடித்துக் கடித்து விடுவித்தது. மதியம் நீரோட்டம் வடக்கே திரும்பியது. அண்ணாச்சி வலையின் ஒரு முனையைக் கவ்வியது. அஞ்சாளை இன்னொரு முனையைக் கவ்வியது. மற்றவர்கள் நடுவில் கிடைத்த இடத்தில் கவ்வினார்கள். பாதி இழுத்தார்கள், பாதி நீரோட்டமே தள்ளியது. மினுக்கி முன்னால் ஆடிக்கொண்டே போனது. கலங்கலில் அதன் நீலம் மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

உறுமல் நெருங்கியது. வாய் வந்தது.

"இன்னும் கொஞ்சம்! இன்னும்! இப்ப விடுங்க!"

எல்லோரும் விட்டார்கள். அண்ணாச்சி மட்டும் விடவில்லை.

"பல்லு! பல்லு மாட்டிக்கிட்டு!"

வாய் வலையை உறிஞ்சத் தொடங்கியது. வலையோடு அண்ணாச்சியும் போனது. வால் இந்தப் பக்கம் அடிக்க, தலை அந்தப் பக்கம் இழுபட்டது. மினுக்கி பாய்ந்து அண்ணாச்சியின் வாய்க்குள் நுழைந்தது.

"வாயத் தொறங்க!"

"ஆ!"

"இன்னும்!"

"ஆஆஆ!"

கீழ்த்தாடையில், மூன்றாம் பல்லில், ஒரு கண்ணி. மினுக்கி கவ்வியது. வரவில்லை. சுழன்று இழுத்தது. அதுவரை எதற்கும் உதவாத அந்தப் புதுச் சுழலில் கண்ணி கழன்றது. பல்லும் கூட வந்துவிட்டது. அண்ணாச்சி பின்னால் பறந்தது. வலை முன்னால் பறந்து வாய்க்குள் போனது.

கர்ர்ர். கடக். கடக். உப்.

உறுமல் நின்றது.

அந்த அமைதி யாருக்கும் பழக்கமில்லை. பெரிய வாய், பல்லெல்லாம் வலையோடு, மெல்ல மேலே போனது. நான்கு அண்ணாச்சி நீளத்துக்கு வலை அதிலிருந்து தொங்கியது.

"ஒம்பது நாளு ஆகும்," என்றது மினுக்கி, தொழில் தெரிந்த குரலில்.

"என் பல்லு போச்சே," என்றது அண்ணாச்சி.

"முள்ளும் போச்சா பாருங்க."

அண்ணாச்சி நாக்கால் தடவிப் பார்த்தது. "அட!"

ஒன்பது நாள் ஆகவில்லை. ஆனால் வலையை உருவ நாலு நாள் ஆனது. அதற்குள் தண்ணீர் தெளிந்து, வெயில் அடிவரை இறங்கியது. தெற்கு முகத்தில் வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, யாருக்கு வெயில் அதிகம் என்று அடித்துக்கொண்டன.

அஞ்சாம் நாள் கப்பலிலிருந்து ஒரு மனிதன் முங்கி வந்தான். இந்தப் பக்கம் இவ்வளவு வலை எங்கிருந்து வந்தது என்று தேடி வந்தவன். காலில் இரண்டு வால் மாட்டியிருந்தான். வாயில் ஒரு ரப்பர் குழாய்.

"பாவம், வாய்ல அடைப்போட வந்துருக்கான்!" என்று ஓடியது மினுக்கி. அவன் வாயைத் திறக்கவில்லை. சரி என்று அவன் கையில் இருந்த ஒரு காய்ந்த புண்ணைக் கொத்தியது. அவனுக்குக் கூசிக் குமிழி குமிழியாகச் சிரித்தான்.

பிறகு பாறையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் உயிர். வெள்ளையில் விரலால் ஒரு கோடு இழுத்தான். விரலில் ஒட்டிய சேற்றைப் பார்த்தான். அப்புறம், வரிசையில் நின்று வாலால் விசிறிக்கொண்டிருந்த மீன்களை வெகுநேரம் பார்த்தான். யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. வரிசையில் நின்றால் விசிற வேண்டும், சட்டம். அவன் மேலே போனான்.

கப்பல் திரும்பி வந்தபோது, அதற்கும் பாறைக்கும் நடுவே ஒரு நீளத் திரை தொங்கியது. மேலே மிதவை, கீழே சங்கிலி. விளிம்பு ஓட்டையிலிருந்து முன்போல அவ்வளவு கலங்கலும் கொட்டவில்லை. கொட்டியதில் பெரும்பகுதி திரைக்கு அந்தப் பக்கமே நின்றது.

தத்தை செய்தியோடு வந்தது. "கடலுக்கே வேட்டி கட்டி விட்டுருக்கானுவ!"

"நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு," என்றது அண்ணாச்சி. "அடியில கசியுது."

கசியத்தான் செய்தது. அதனால் விசிறலும் நிற்கவில்லை.

வடக்கு முகம் வெள்ளையாகவே இருந்தது. அங்கே இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. ஆனால் மினுக்கி தினமும் கடை மூடும்முன் அங்கேயும் ஒரு சுற்று விசிறிவிட்டு வரும்.

"அங்கதான் யாரும் இல்லியே! எதுக்குட்டி பெருக்குத?" என்று கேட்டது தத்தை.

"அழுக்கா கிடந்தா யாரு குடிவருவா?" என்றது மினுக்கி.

மாசி போய், பங்குனியும் பாதி போனது. ஒரு நண்பகலில் மினுக்கி வடக்கு முகத்தில் விசிறிக்கொண்டிருந்தது. வெயில் நேராக விழுந்த இடத்தில், கடுகில் பாதி அளவு ஒரு உயிர் வந்து ஒட்டியது.

"இந்த இடம் காலியா?"

மினுக்கி விசிறுவதை நிறுத்தியது. "காலிதான்! காலிதான்! இரு, இரு, அசையாத! வாயத் தொற, பாப்பம்!"

"எனக்கு இன்னும் வாயே வரல."

"வாய் இல்லாமலா பேசுத?"

"ரெண்டு நாள்ல வந்துரும். அதுவரைக்கும் இடத்தப் பிடிச்சு வச்சுக்கிடலாமா?"

மினுக்கி தலை கீழே, வால் மேலே, ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு, அந்தக் கடுகைச் சுற்றி விசிறத் தொடங்கியது. தெற்கு முகத்திலிருந்து ஆயிரம் வாயும் ஒரே நேரத்தில், "யாரு வந்துருக்கா? யாரு? எங்க சொந்தமா? எங்களுக்குத் தெரியலியே! தள்ளி நில்லு!" என்று கூச்சல் போட்டன.

கடலிலேயே பெரிய வாய்க்குச் சேவகம் செய்ய ஓடும் முன், உன்னைத் தாங்கி நிற்கும் சின்ன வாய்களுக்கு மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும்.